இரண்டு கையும் மேலே

அந்த நீச்சல் குளத்துக்கு வருகிற எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஆனால் அவள் தண்ணீரில் இறங்கிப் பார்த்தவர் இப்போது வருகிறவர்களில் ஒருவரும் கிடையாது. ஷவர் அறைக்குப் போகிற வழியில், சுவரை ஒட்டி, பச்சை வண்ணம் உரிந்த மர பெஞ்சு ஒன்று கிடக்கும். அதன் ஓரத்தில் மடி நிறையத் துண்டுகளோடு உட்கார்ந்திருப்பாள். ஒன்று கணவருக்கு, ஒன்று மகளுக்கு, மீதி எல்லாம் துண்டை மறந்துவிட்டு வருகிற ஊரார் பிள்ளைகளுக்கு.

கணவர்தான் அங்கே நீச்சல் சொல்லித் தருகிறவர். மாஸ்டர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். மகள் நடக்கப் பழகியதற்கும் நீந்தப் பழகியதற்கும் பெரிய இடைவெளி இல்லை. வாங்கிய கோப்பைகள் அலமாரியில் இடம் போதாமல் சமையலறைப் பரண்வரை போயிருக்கின்றன. நாத்தனாரும் லேசுப்பட்டவள் இல்லை, அந்தக் காலத்தில் ஆற்றைக் குறுக்கே நீந்தியவள். இப்படி ஒரு மீன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு மட்டும் நீந்தத் தெரியாது. நாத்தனாருக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். எல்லாரும் கப்பலாட்டம் மிதந்தால் நங்கூரம் யார், அதுக்குத்தான் அண்ணி இருக்காளே என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லி வைத்தாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் போகவே இல்லை. குளத்துப் பொடிசுகள்கூட நங்கூரம் அக்கா என்றுதான் துண்டு கேட்கும். இவளும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள். சிரித்தாள் என்பதால் உறைக்கவில்லை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீரைக் கண்டால் அவளுக்குப் பயம் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. ஊருக்கு என்ன, முடிவு கட்டக் கூலியா கேட்கிறது? உண்மையில் அவள் பகல் முழுக்க முழங்கை வரை தண்ணீரிலேயே கிடப்பவள். காய்களை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் புட்டியில் அடைத்து விற்கும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. சாக்கடைப் பக்கம் சரிவாகப் போட்ட சிமென்ட் தரை, வரிசையாக நீலப் பீப்பாய்கள், முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், துழாவுவதற்குக் கை நீளத் துடுப்பு. வெள்ளரிக்காயையும் மிளகாயையும் நறுக்குவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். உப்புத் தண்ணீர் கரைப்பது மட்டும் இவள் பொறுப்பு. உப்பு குறைந்தால் காய் அழுகிவிடும், கூடினால் வாயில் வைக்க முடியாது.

உப்பைப் பார்க்க மீட்டர் உண்டு. கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும், அதை மிதக்கவிட்டுக் கோட்டைப் பார்த்தால் போதும். அவளும் பார்ப்பாள். ஆனால் மீட்டர் பார்த்த கையோடு ஒரு பச்சை முட்டையையும் எடுத்துப் பீப்பாயில் விடுவாள். அது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் இருந்த பழக்கம்தான், மற்றவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். வெறும் தண்ணீரில் போட்டால் முட்டை குண்டு மாதிரி அடிக்குப் போய்விடும். உப்பைக் கொட்டித் துழாவத் துழாவ, அடியில் கிடந்தது மெல்ல ஒரு பக்கம் எழும்பும். இன்னும் உப்பு விழுந்தால் தரையை விட்டுவிடும். கடைசியில் மேலே வந்து, ஒரு காசு அகலத்துக்குத் தலையைக் காட்டிக்கொண்டு நிற்கும். முட்டை அதேதான், ஒன்றும் மாறவில்லை, தண்ணீர்தான் மாறியது. இத்தனை வருஷமாகப் பார்த்தும் அந்த இடத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வரும். ஏன் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

நமக்குத் தெரியும், சொல்லிவிடலாம். கல்யாணமான புதிதில் மாஸ்டருக்கு மீசையும் மிடுக்குமாக ஒரே பெருமை. தன் பெண்டாட்டிக்கு நீச்சல் தெரியாது என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் குளத்தில் இறக்கினார். அவரிடம் ஒரு முறை உண்டு. மல்லாக்கப் படுக்க வைத்து, முதுகுக்கு அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுப்பார். பிடித்திருக்கிறேன், பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பிள்ளை அசந்த நேரத்தில் கையை உருவிவிடுவார். பிள்ளை தான் மிதப்பதே தெரியாமல் மிதக்கும். நூறு பேரை அப்படித்தான் மிதக்கவைத்தார். இவளையும் அப்படியே படுக்க வைத்தார், பிடித்திருக்கிறேன் என்றார், கையை உருவினார். இவள் நேரே அடிக்குப் போனாள்.

அவரே பாய்ந்து தூக்கிவிட்டார். மூக்கில் தண்ணீர் போனதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தரையில் முதுகு தட்டிய அந்த நொடியில் அவள் கண் திறந்திருந்தது. மேலே, கலங்கிய வெளிச்சத்துக்குப் பின்னால், கணவரின் இரண்டு கைகளும் தெரிந்தன. பார், விட்டுவிட்டேன் என்று கரையில் நின்றவர்களுக்குக் காட்டுவதற்காக இரண்டு கையையும் உயரத் தூக்கியிருந்தார். பிடித்திருக்கிறேன் என்ற குரல் காதில் இன்னும் இருக்க, கைகள் அங்கே இருந்தன.

அவள் சண்டை போடவில்லை, பார்த்ததைச் சொல்லவும் இல்லை. அன்றோடு பெஞ்சுக்குப் போய்விட்டாள். மாஸ்டரும் வற்புறுத்தவில்லை, எலும்பு கனமான உடம்பு, சிலருக்கு அப்படி அமைந்துவிடும் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிட்டார். அவளுக்குத்தான் முடியவில்லை. அடியில் ஒரு கையும் இல்லாமல் தண்ணீர் தன்னைத் தாங்குமா, தாங்காதா? இதற்கு விடை தெரியாமல் செத்துப்போக அவளுக்கு இஷ்டமில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது?

கூடத்தில் மூடி அடைக்கிற பெண் ஒருத்தி விடுமுறைக்குப் போய் வந்தவள், சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் படங்கள் காட்டினாள். ஒரு படத்தில் அவளுடைய மாமனார். அரிசி மூட்டை மாதிரி மனுஷன், கால் மேல் கால் போட்டுக்கொண்டு ஏரித் தண்ணீரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கீழே நாற்காலி இல்லை, ரப்பர் வளையம் இல்லை. அது உப்பு ஏரியாம், கடலைவிடப் பல மடங்கு உப்பாம், யாரும் மூழ்க முடியாதாம். இவள் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. சோறு ஆறிப்போயிற்று. முட்டை, என்று மட்டும் சொன்னாள். மூடிக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை, இவளுடைய சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்தாள், அதில் முட்டை இல்லை.

அந்த வருஷம் மாஸ்டர் ஓய்வு பெற்றார். அதுவரை அந்தக் குடும்பம் போன பயணமெல்லாம் ஏதாவது ஒரு போட்டிக்காகத்தான்; குளத்துக்குப் பக்கத்து விடுதி, குளம், விடுதி, திரும்ப வீடு. இந்தத் தடவை எங்கே போகலாம் என்று நீயே சொல் என்று அவர் தாராளமாகச் சொன்னார். கோயிலோ குளிர்ப் பிரதேசமோ சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவள் உப்பு ஏரி என்றாள். போய்ப் பார்க்கவா என்று கேட்டார். இறங்க, என்றாள். மகளுக்குப் புரையேறிவிட்டது.

துணிக்கடையில் நீச்சலுடை கேட்டபோது விற்பனைப் பெண், பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டாள். எனக்குத்தான் என்றதும் அந்தப் பெண் ஒரு நிமிஷம் தடுமாறி, பிறகு உள்ளே போய் முழுக்கை வைத்த கருநீல உடை ஒன்றைக் கொண்டுவந்தாள். அதை வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்த உருவம் பிடித்துத்தான் இருந்தது. கிளம்புகிற அன்று ஒரு பச்சை முட்டையை எடுத்து, மாஸ்டரின் பழைய ரப்பர் குல்லாயில் சுற்றி, கைப்பையில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் பையை மடியைவிட்டு இறக்கவில்லை. கார் ஓட்டிய மகள் பள்ளம் பார்த்து ஓட்டும்படி எத்தனை தடவை திட்டு வாங்கினாள் என்பதற்குக் கணக்கில்லை.

ஏரிக்கரை விடுதியில் மறுநாள் காலை குளியலறைக் கதவு திறக்கவே இல்லை. உள்ளே சவரக்கத்தி ஓடுகிற சத்தம். போட்டிக்கு முன்னால் கையும் காலும் மார்பும் மழித்துக்கொள்வது நீச்சல்காரர்களின் வழக்கம். உடம்பு தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகும் என்று ஒரு கணக்கு. மாஸ்டர் போட்டியை விட்டு எத்தனையோ காலமாகியும், புதுத் தண்ணீரில் இறங்குகிற நாளில் மட்டும் அதை விட மாட்டார். இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விரலில் நகக்கீறல் இருந்தாலே வாசலின் தடவாமல் பீப்பாயில் கை விடாதவள் அவள்.

"இன்னிக்கு வேண்டாங்க. எரியும்" என்றாள் கதவருகே நின்று.

"நான் பாக்காத கடலா?" என்றது உள்ளே இருந்து குரல்.

அதற்குமேல் சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் புத்தி சொல்லிப் பழக்கமில்லை. அவள் தன் விரல்களில் வாசலினைத் தடவிக்கொண்டாள்.

ஏரி அசையாமல் கிடந்தது. கரையோரக் கல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புப் பிடித்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு காவலாளி, பக்கத்தில் நல்ல தண்ணீர் புட்டிகள், ஒரு ஷவர் குழாய், ஒரு பெஞ்சு. காவலாளி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிற பாடத்தை இவர்களுக்கும் ஒப்பித்தார். மெல்ல நடந்து போக வேண்டும், நாற்காலியில் உட்காருகிற மாதிரி பின்னால் சாய வேண்டும், குப்புறப் படுக்கக் கூடாது, முகத்தில் தெறிக்கக் கூடாது, எழுந்திருக்க வேண்டுமென்றால் முழங்காலை மார்புக்கு இழுத்துக்கொண்டு காலைக் கீழே விட வேண்டும். இவள் கண் கொட்டாமல் கேட்டாள். மாஸ்டர் தோள்பட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அவர் இறங்கிய அழகைச் சொல்ல ஒரு வாய் போதாது. இடுப்பளவு தண்ணீர் வரும்வரை விறுவிறுவென்று நடந்தார். தண்ணீர் தொட்ட இடமெல்லாம் தீப்பிடித்திருக்க வேண்டும், முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனாலும் மானம் விடுமா? குப்புறப் பாய்ந்தார். முன்பாதி தண்ணீரில் இருக்க, பின்பாதி பலகை மாதிரி மேலே எழும்பிக்கொண்டது. நாற்பது வருஷம் தண்ணீரை உதைத்த கால்கள் காற்றை உதைத்தன. அடுத்த வீச்சில் முகத்தை உள்ளே விட்டார். காவலாளி புட்டியோடு ஓடிப்போய்க் கண்ணைக் கழுவிவிட்டுக் கரையேற்ற வேண்டியதாயிற்று. ஷவருக்குக் கீழே ஒற்றைக் காலில் நின்று ஆடிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து மகள் சிரிப்பை அடக்கமுடியாமல் கார்ப் பக்கம் போய்விட்டாள்.

இவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து குல்லாயை எடுத்து, முட்டையைப் பிரித்தாள். ஓரத்தில் குந்தி, அதை மெல்லத் தண்ணீரில் விட்டாள். முட்டை அடிக்குப் போகவில்லை, நடுவில் நின்று யோசிக்கவும் இல்லை. விட்ட இடத்திலேயே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. பீப்பாயில் காசு அகலம் தெரியும். இங்கே அதைப்போல இரண்டு பங்கு முதுகு வெளியே தெரிந்தது. இப்படி ஒரு மிதப்பை அவள் எந்தப் பீப்பாயிலும் பார்த்ததில்லை. முட்டையை எடுத்துத் துடைத்துக் குல்லாயில் வைத்தாள். இனிமேல் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இந்தத் தண்ணீரும் தாங்கவில்லை என்றால் உலகத்தில் வேறு தண்ணீர் கிடையாது.

அவள் இறங்கினாள். பின்னாலேயே யாரோ தண்ணீரில் நடந்து வருகிற சத்தம். திரும்பினால் மாஸ்டர். கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தது. மார்பெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. அந்த எரிச்சலோடு மறுபடி இறங்கியிருக்கிறார்.

"நீங்க ஏன் வந்தீங்க? போங்க, எரியுதுல்ல?"

"எரியட்டும். உன்னைத் தனியா விட்டுட்டு அங்க நிக்கச் சொல்றியா?"

அவளுக்கு அந்த மனுஷன்மேல் அப்போது வந்த பாசத்துக்கு அளவில்லை. அதனால்தானோ என்னவோ, இத்தனை காலம் நெஞ்சுக்குள் கிடந்தது தானாக வெளியே வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஏதோ வீட்டுச் செய்தி சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அன்னிக்கு உங்க கை ரெண்டும் மேல இருந்துச்சு. கீழ கிடந்து பாத்தேன்."

அவருக்கு எந்த அன்றைக்கு என்று கேட்கத் தேவைப்படவில்லை.

"சொல்லவே இல்லையே நீ."

"பிடிச்சிருக்கேன்னு நீங்கதான் சொல்லிட்டிருந்தீங்களே. நான் என்னத்தச் சொல்ல?"

மாஸ்டர் தலை குனிந்துகொண்டார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் அவள் பக்கம் நீட்டினார்.

"தப்புதான். இப்ப படு. சத்தியமா விட மாட்டேன்."

"வேண்டாங்க. அன்னிக்கு மாதிரியே ரெண்டு கையையும் மேல தூக்குங்க. எனக்குத் தெரியற மாதிரி தூக்குங்க."

அவர், திருடன் போலீஸிடம் அகப்பட்ட மாதிரி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு, நாற்காலியில் உட்காருகிற மாதிரி, பின்னால் சாய்ந்தாள்.

முதுகு தரையைத் தேடியது. தரைக்கு முன்னால் வேறு ஏதோ வந்து தாங்கிக்கொண்டது. கையில்லை, கைகள் அதோ மேலே இருக்கின்றன, பத்து விரலும் தெரிகின்றன. கால் இரண்டும் கேட்காமலே மேலே வந்து, நகச்சாயம் பூசிய பெருவிரல்கள் அவளைப் பார்த்தன. அவள் மூச்சை விட்டாள். அப்போதும் போகவில்லை. இடுப்பைக் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள், தண்ணீர் அவளைத் திருப்பித் தள்ளியது. பிடிவாதத்தில் தன்னைவிடப் பெரிய ஆளாக இருக்கிறதே என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரித்தால் உடம்பு குலுங்கியது, குலுங்கினாலும் மிதந்தது. எலும்பு கனமாம்! யார் எலும்பு கனம்?

கையைப் பக்கவாட்டில் லேசாக அசைத்தாள். துடுப்பு பிடித்துப் பழகிய கை, சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தலைமாட்டுப் பக்கமாக நகர்ந்தாள். கணவரின் கைகள் சிறுத்துக்கொண்டே போயின. சிவப்பு மிதவைகள் கட்டிய கயிறு ஒன்று குறுக்கே கிடந்தது, அதற்கு அப்பால் போகக் கூடாது. அதுவரை போனாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காவலாளி சொன்னபடி முழங்காலை இழுத்துக் காலைக் கீழே விட்டாள். கால் போய்க்கொண்டே இருந்தது, தரை வரவில்லை. குளத்தில் பார்த்ததைவிட எத்தனை ஆழமோ, யார் கண்டது. அவளோ தோளுக்குமேல் வெளியே தெரிய, நட்டுவைத்த மாதிரி நேராக நின்றாள். கயிற்றை விட்டாள். அப்போதும் நின்றாள்.

அங்கே நின்றுகொண்டு அவள் அழுதாள். கண்ணீர் உப்புக் கரித்தது, ஆனால் ஏரிக்கு முன்னால் அது என்ன உப்பு. துக்கம் ஒன்றும் இல்லை. இருபது முப்பது வருஷம் ஒரு கேள்வியைச் சுமந்தவளுக்கு அதை இறக்கி வைத்ததும் உடம்பு லேசாகிவிட்டது, அவ்வளவுதான். கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனவள், விரல் முழுக்க உப்பு என்று நினைவு வந்து சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இதில் மட்டும் அவள் ஏமாற மாட்டாள்.

கரையில் மகள் பைத்தியம் பிடித்தவள்போல் துண்டைச் சுழற்றிக்கொண்டு குதித்தாள். கோப்பை வாங்கிய எந்த நாளிலும் அவள் இப்படிக் குதித்ததில்லை. கூரைக்குக் கீழே இருந்த காவலாளிக்கு விவகாரம் என்னவென்று தெரியாது. ஆனாலும் அவரும் எழுந்து நின்றார்.

திரும்பி வந்தபோது மாஸ்டர் அதே இடத்தில், அதே இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கை இரண்டும் இன்னும் மேலேயே இருந்தன. தோள் வலித்து நடுங்கின. காலெல்லாம் காந்தியிருக்கும். அவர் அசையவில்லை. அவள் பக்கத்தில் வந்து, முழங்காலை இழுத்து, தரையில் காலூன்றி, அவர் எதிரே நிமிர்ந்து நின்றாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார். பிறகு சின்னப் பையன் மாதிரிக் கேட்டார்: "கையை இறக்கிக்கட்டுமா?"

"இறக்குங்க. போய் நல்ல தண்ணியில குளிச்சுட்டு அந்த பெஞ்சுல உக்காருங்க. துண்டைக் கையில வச்சுக்குங்க" என்றாள், மறுபடி பின்னால் சாய்ந்துகொண்டே. "நான் இன்னொரு சுத்து போயிட்டு வரேன்."